கதவை இழைக்காதீர்கள், முதலில் தரையைப் பாருங்கள்: புறக்கடை மரக் கொட்டாயின் கோளாறுகள்

எங்கள் குடும்பத்தில் இரண்டு மரக் கொட்டாய்கள் உண்டு. ஒன்று சேலம் கன்னங்குறிச்சியில் என் வீட்டுப் புறக்கடையில், மண்வெட்டி, ஏணி, பழைய சைக்கிள் எல்லாம் போட்டு வைக்க. இன்னொன்று ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் பின்னால், காப்பிக்கொட்டை சாக்கும் மருந்தடிக்கும் ஸ்பிரேயரும் வைக்க. இரண்டும் 8-க்கு 6 அடி, முன்பக்கம் 7 அடி உயரம், பின்பக்கம் 6 அடி. நானும் மாமாவும் சேர்ந்து அடித்தது; கைக்கு எட்டாத வேலைக்கு மட்டும் ஆசாரி. சட்டம் இரண்டுக்கும் வேம்பு, பலகை இரண்டுக்கும் ஒரே லாட் சில்வர் ஓக். நடுவில் இருப்பது 30 கிலோமீட்டரும் 20 கொண்டை ஊசி வளைவும்தான், ஆனால் இரண்டும் கெட்டுப்போன விதத்தைப் பார்த்தால் ஒரே கை செய்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். கீழே சேலத்தில் பலகை சுருங்கி வெயில் உள்ளே வந்தது, மேலே ஏற்காட்டில் பலகை ஊதிச் சுவர் வயிறு தள்ளியது. கீழே உளு. மேலே மழை பெய்யாத நாளிலும் கூரை சொட்டியது.

இதைச் சரிசெய்வதற்குள் நான் தேவையில்லாமல் செய்த வேலைதான் அதிகம். கோளாறு எங்கே கண்ணில் படுகிறதோ அங்கேயே கையை வைத்தேன், பாதி நேரம் அது வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதனால் கீழே எல்லாவற்றையும் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்கள் கொட்டாயில் எது தெரிகிறதோ அங்கே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு ரசமட்டம், டேப், டார்ச், குத்திப் பார்க்க ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். தூக்குக் குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள், அதுவும் நேராகத்தான் தொங்கும்.

கதவு ஒட்டுகிறது, தாழ்ப்பாள் விழவில்லை

எல்லாரும் முதலில் சொல்லும் புகார் இதுதான், எல்லாரும் முதலில் தேடுவது இழைப்புளியைத்தான். கொஞ்சம் பொறுங்கள். எந்த இடத்தில் உரசுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். நிலையின் உள்விளிம்பில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டுக் கதவை ஒரு தடவை மூடித் திறங்கள், கதவில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அதுதான் இடம். அக்கா வீட்டில் சாக்பீஸ் இல்லாமல் கோலப்பொடியைக் குழைத்துத் தடவினோம், அதுவும் நன்றாகவே வேலை செய்தது.

தாழ்ப்பாள் பக்க விளிம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வெள்ளையாகி, அதுவும் மழை மாதங்களில் மட்டும்தான் ஒட்டுகிறது என்றால், கதவு ஈரம் குடித்து அகலமாகியிருக்கிறது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் ஊதும் சுருங்கும். 6 அங்குலப் பலகை ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஊதினாலே ஐந்து பலகைக் கதவு 5 மில்லிமீட்டர் அகலமாகிவிடும், நீங்கள் விட்ட இடைவெளியே அவ்வளவுதான். இதற்காக ஐப்பசி மழையில் கதவை ஏகத்துக்கு இழைத்துத் தள்ளினால் சித்திரையில் அந்தச் சந்தில் பல்லி குடும்பத்தோடு போய்வரும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். இழைத்த விளிம்புக்கு அன்றைக்கே பெயின்ட் அடியுங்கள். அதைவிட முக்கியம், கதவின் தலைவிளிம்பும் அடிவிளிம்பும்: கண்ணில் படாது என்று அங்கே யாரும் பெயின்ட் அடிப்பதில்லை, ஆனால் பலகையின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது, வெட்டுமுனை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி தண்ணீரை இழுக்கும். கதவைக் கழற்றி அந்த இரண்டு விளிம்புக்கும் இரண்டு கோட் கொடுங்கள். கதவைக் கழற்றச் சோம்பல் என்றால் அடுத்த மழைக்கும் இதையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

தாழ்ப்பாள் பக்க மூலை மட்டும் உரசி, கீல் பக்கம் மேலே சந்து விட்டிருந்தால், கதவு தொங்கிவிட்டது. மேல் கீலின் திருகு தளர்ந்திருக்கும். திருகைக் கழற்றி, ஓட்டையில் மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் முக்கி அடைத்து, மறுநாள் அதே திருகை முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஓட்டை ரொம்பப் பெரிதாகிவிட்டால் நீளமான திருகு போடுங்கள். திருகு கெட்டியாக இருந்தும் தொங்குகிறதா, கதவின் பின்புறக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். அது கீழ்க் கீலின் பக்கத்திலிருந்து கிளம்பி, தாழ்ப்பாள் பக்க மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் அந்தச் சட்டத்தின் வழியே அழுத்தி கீழ்க் கீலில் இறங்கும். தலைகீழாகப் போட்டால் சட்டம் அழுத்தப்படுவதற்குப் பதில் இழுபடும், ஆணிகள் ஒவ்வொன்றாக நெகிழும். நான் தலைகீழாகத்தான் போட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது வகைதான் என்னைப் படுத்தியது. உரசும் இடம் மாதத்துக்கு மாதம் மாறியது, தாழ்ப்பாள் நாதாங்கிக்கு மேலே போய் இடித்தது. ஏற்காட்டுக் கதவை மூன்று தடவை இழைத்தேன். நாலாவது தடவைக்கு ஆசாரியைக் கூப்பிட்டால் அவர் கதவைத் தொடவே இல்லை. டீயைக் குடித்துவிட்டு, டியூப்பில் தண்ணீர் ஊற்றி, கொட்டாயின் நாலு மூலையிலும் மட்டம் பார்த்தார். கிழக்கு மூலை முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. “கதவு என்னங்க தம்பி பண்ணும், அது நிக்கிற எடம் எறங்குனா?” என்றார்.

உங்கள் ஷெட்டிலும் இதை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கதவு இருக்கும் சுவரின் எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்காக டேப் பிடியுங்கள், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு அங்குலம் வித்தியாசம். சுவர் சதுரம் கலைந்து சாய்ந்த பெட்டியாகிவிட்டது, அதற்குள் நேரான கதவு எப்படி நிற்கும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு செய்தி: 8-க்கு 6 அடி அளவில் தளம் போட்டால் குறுக்களவு மிகச் சரியாக 10 அடி வரும், மூலைமட்டம் கூடத் தேவையில்லை. வேறு அளவில் கட்டவே கூடாது என்று மாமா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஏன் இறங்கியது? மலையில் வீட்டுக்குப் பின்னால் சமதளம் என்று எதுவும் கிடையாது. மேட்டை வெட்டி அந்த மண்ணையே பள்ளத்தில் கொட்டித்தான் புறக்கடை உண்டாக்குகிறார்கள். கொட்டாயின் பாதி வெட்டிய கெட்டித் தரையில் நிற்கும், மீதிப் பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண் இரண்டு மூன்று மழைக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கால் வைத்து மிதித்தாலும் சரி, திம்சுக் கட்டை போட்டு இடித்தாலும் சரி. சேலத்தில் இது குறைவு, ஆனால் செப்டிக் டேங்க் தோண்டிய மண்ணைப் பரப்பிய மூலையில் கட்டியிருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

சரிசெய்யும் விதம்: உள்ளே இருக்கும் சாமானை எல்லாம் வெளியே எடுங்கள், சும்மா ஒதுக்கி வைத்தால் போதாது. இறங்கிய மூலையின் அடிச்சட்டத்துக்குக் கீழே, தடித்த பலகைத் துண்டின் மேல் கார் ஜாக்கியை வைத்துக் கால் அங்குலம் கால் அங்குலமாகத் தூக்குங்கள். கையையோ தலையையோ அடியில் விடாதீர்கள், ஜாக்கி வழுக்கும். ஒவ்வொரு தூக்கலுக்கும் பக்கத்திலேயே கடப்பாக்கல் துண்டைச் செருகிக்கொண்டே வாருங்கள். மட்டம் வந்ததும் அந்த மூலையில் கெட்டி மண் தட்டும்வரை தோண்டி (எங்களுக்கு இரண்டரை அடி ஆனது), கீழே ஜல்லிக் கலவை போட்டு, அதன் மேல் ஹாலோபிளாக் வைத்துக் கட்டுங்கள். மரத் துண்டை ஆப்பாகச் செருகிவிட்டு விட்டுவிடாதீர்கள், அது அடுத்த வருடம் கரையானின் ஏணி. கடைசியாக, மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்து வரும் மழைத்தண்ணீர் கொட்டாய்க்கு அடியில் போகாதபடி ஒரு அடி தள்ளி வாய்க்கால் வெட்டுங்கள். தண்ணீர் போய்க்கொண்டிருந்தால் நீங்கள் போட்ட கலவைக்கும் அதே கதிதான்.

மூலையைத் தூக்கியதும் கதவு ஒட்டவில்லை. ஒட்டுவதற்கு அதில் மரமே மிச்சமில்லை. மூன்று தடவை இழைத்திருக்கிறேன் அல்லவா, விரல் போகும் சந்து. கடைசியில் விளிம்பில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரப்பட்டை) அடித்து மூடினேன், இன்றைக்கும் மாமா விருந்தாளிகளிடம் அந்த ரீப்பரைக் காட்டாமல் விடுவதில்லை.

தரை தொங்குகிறது, நடந்தால் அமுங்குகிறது

அடிச்சட்டங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். நாங்கள் சிக்கனம் பார்த்து 2 அடிக்கு ஒன்று போட்டு மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட் விரித்தோம், கல்யாண வீட்டு மேடை மாதிரி குதித்தது. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம், மேலே 18 மில்லிமீட்டர். அவிழ்க்க மனமில்லை என்றால் நடுவில் குறுக்காக ஒரு சட்டம் கொடுத்து அடியில் கல் வைத்துத் தாங்கலாம். அமுங்குவது ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்றால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அது மக்கல், கீழே தனியாகச் சொல்கிறேன்.

தோளால் தள்ளினால் மொத்தக் கொட்டாயும் ஆடுகிறது

குறுக்குக் கட்டு இல்லை. நாலு சட்டத்தை எத்தனை ஆணி அடித்துச் சேர்த்தாலும் அது பெட்டியாகாது, முக்கோணம் விழுந்தால்தான் நிற்கும். ஒவ்வொரு சுவரின் உட்புறத்திலும் மூலைக்கு மூலை ஒரு சட்டம் அடியுங்கள், ஒரு மதிய நேர வேலை. ஆனால் அடிப்பதற்கு முன் தூக்குக் குண்டு போட்டு மூலைக்கால்களை நேராக நிமிர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சாய்ந்ததைச் சாய்ந்தபடியே இறுக்கிவிடுவீர்கள்.

சுவர்ப் பலகைக்கு நடுவே சந்து, அல்லது சுவர் வயிறு தள்ளுகிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். சில்வர் ஓக் மலையில் காப்பிக்கு நிழல் மரம், மிளகுக் கொடி ஏறுவதும் அதில்தான், அதனால் ஏற்காட்டில் பலகை என்றால் முதலில் கைக்கு வருவது அதுதான். (தோட்டம் உங்களுடையதாகவே இருந்தாலும் மலையில் மரம் வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) நாங்கள் வாங்கியது மார்கழியில் அறுத்தது, கை வைத்தால் குளுமை தெரியும் அளவுக்குப் பச்சை. அதில் பாதியை இறக்கிவந்து தை மாதமே என் சுவரில் சந்து இல்லாமல் நெருக்கி அடித்தேன். பங்குனி வெயிலுக்குள் ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் பென்சில் நுழைந்தது. அக்கா வீட்டுப் பங்கு நிழலில் அடுக்கி வைத்திருந்து சித்திரையில் காய்ந்தபின் அடித்தது, நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு அதையும் நெருக்கியே அடித்தோம். ஐப்பசியில் மூடுபனியும் மழையும் சேர்ந்ததும் பலகைகள் ஊதி, பக்கவாட்டில் போக இடமில்லாமல் வெளிப்பக்கமாகத் தள்ளி, நடுச்சுவரில் ஆணிகள் தலை நீட்டின.

சந்து விழுந்த சுவருக்கு மருந்து சுலபம்: ஒவ்வொரு சந்தின் மேலும் ஒன்றரை அங்குல ரீப்பர். ஆனால் ரீப்பரின் ஆணி சந்தின் வழியே போய்ச் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், இரண்டு பக்கப் பலகையையும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அடுத்த வெயிலில் பலகை நடுவில் பிளக்கும். சந்தில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைக்கும் வேலையெல்லாம் வேண்டாம், ஒரே மழைக்குப் பெயர்ந்து வரும், நான் செய்து பார்த்தாயிற்று.

வயிறு தள்ளிய சுவரில் இரண்டு மூன்று பலகைக்கு ஒன்றாகக் கழற்றி, விளிம்பில் மூன்று நான்கு மில்லிமீட்டர் இழைத்து, இடம் விட்டு மறுபடி அடித்து, மேலே அதே ரீப்பர். பலகை ஓடு மாதிரி குழிந்திருந்தால் ஆணியை ஓங்கி அடித்து நிமிர்த்தப் பார்க்காதீர்கள், பிளந்துவிடும். திருகு போட்டு, வாரத்துக்கு ஒரு சுற்று என்று முடுக்குங்கள். அகலப் பலகைதான் அதிகம் குழியும், 6 அங்குலத்துக்கு மேல் வாங்காமலிருப்பது நல்லது. இன்னொன்று, சில்வர் ஓக்கை அறுக்கும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள்; சிலருக்கு அது தோலில் படை கிளப்பும். மாமாவுக்குக் கிளப்பியது. ஒரு வாரம் முழங்கைவரை சொறிந்துகொண்டிருந்தார், காப்பிச் செடியில் இருக்கும் ஏதோ பூச்சி என்று அதன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு.

கூரை சொட்டுகிறது

முதல் கேள்வி, எப்போது சொட்டுகிறது? மழை பெய்யும்போதா, மழை இல்லாத விடியற்காலையிலா?

விடியற்காலையில், தகடு முழுக்கப் பரவலாக முத்து முத்தாக நின்று சொட்டினால் அது ஒழுகல் இல்லை, வியர்வை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், இரவில் தகரம் வெளிக்காற்றைவிடவும் சில்லிட்டுவிடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டதும் தண்ணீராகிறது, சோற்றுப்பானையின் மூடியில் நிற்பதைப் போலத்தான். முழுசாகக் காயாத காப்பிக்கொட்டையை உள்ளே வைத்தால் அதன் ஈரமும் சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல் நாங்கள் இரண்டு டியூப் சிலிக்கானை ஒவ்வொரு திருகின் தலையிலும் அப்பினோம். மறுநாள் காலையும் சொட்டியது. வெளியே ஒரு துளி மழை இல்லை, மாமா டார்ச்சை அடித்துக்கொண்டு, “மாப்ளே, ஓட்டையே இல்லாத எடத்துல ஒழுகுது பாரு” என்றார். அப்போதுதான் புரிந்தது.

வியர்வைக்கு மருந்து காற்று. முன்சுவரில் கூரைக்குக் கீழே ஒரு நீளத் திறப்பு, எதிர்ச்சுவரில் தரையோரம் ஒன்று, இரண்டுக்கும் கம்பிவலை. உள்காற்று மேலே ஏறி வெளியே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். தரை பலகையாக இல்லாமல் வெறும் மண்ணாக இருந்தால் தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து மேலே செங்கல் பாவுங்கள், பாதி ஈரம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. இதெல்லாம் செய்தும் கொஞ்சம் சொட்டினால் தகட்டுக்கு அடியில் ஒட்டும் நுரைவிரிப்பு கிடைக்கிறது, அதைப் போடலாம். முதலிலேயே அதைப் போட்டுவிட்டுக் காற்றை விடாமல் இருந்தால் ஈரம் தகட்டை விட்டுவிட்டுச் சட்டத்தைப் பிடிக்கும்.

மழையில்தான் சொட்டுகிறது என்றால் அது உண்மையான ஒழுகல். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடாதீர்கள், தண்ணீர் சட்டத்தின் அடிப்பக்கமாக ஓடிவந்து வசதியான இடத்தில்தான் விழும். மழை விட்ட நாளில் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் ஹோஸ் பிடிக்கட்டும். கூரையின் தாழ்ந்த விளிம்பில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முழம் என்று மேலே ஏறுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் தெரியாது.

பெரும்பாலும் திருகுதான். நெளிதகட்டில் திருகு மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருந்தால் ஓடுகிற தண்ணீருக்கு நடுவில் ஓட்டை போட்ட மாதிரி. பள்ளத்தில் போட்டதைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகட்டுத் துண்டு வைத்து சீலன்ட் தடவி மூடிவிட்டு, மேட்டில் புதுத் திருகு போடுங்கள். திருகுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரையும் பாருங்கள்: ரொம்ப முடுக்கினால் அது பிதுங்கிக் கிழியும், சேலத்து வெயிலில் சில வருடத்தில் கெட்டித்தட்டி வெடிக்கும். திருகோடு மாற்றுவதுதான் வழி. சிலிக்கானைத் துருவின் மேலும் ஈரத்தின் மேலும் தடவினால் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வரும். தகடும் தகடும் சேரும் இடத்தில் ஒரு நெளிவுக்கு மேல், ஒன்றரை நெளிவாவது ஏறியிருக்க வேண்டும், ஏறிய விளிம்பு மழைக்காற்று அடிக்கும் திசைக்கு முதுகு காட்ட வேண்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கூரையாகப் போட்டிருப்பவர்கள் அதைத் துளைபோடுவதும் அறுப்பதும் உரசிக் கழுவுவதும் வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதை ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள்.

அடிப்பலகை கறுத்து, குத்தினால் உள்ளே போகிறது

மக்குகிறது. தண்ணீர் மேலிருந்து வந்தது என்று நினைப்பீர்கள், கீழிருந்துதான் வந்திருக்கும்: கூரையிலிருந்து விழும் தாரை தரையில் அடித்துச் சேற்றோடு திரும்பித் தெறித்த தண்ணீர். சுவரில் செம்மண் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், மக்கலும் அநேகமாக அவ்வளவு தூரம்தான். என் கொட்டாயில் முக்கால் அடி.

மக்கிய பகுதியை அறுத்து எடுத்துவிட வேண்டும், மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் உள்ளே இன்னும் வேகமாக மக்கும். நல்ல மரம் வந்த பிறகு இன்னும் ஒரு சாண் மேலே போய் அறுங்கள். அறுத்த இடத்தில் குறுக்காக ஒரு புதுப் பலகையை, மேல் விளிம்பைச் சரிவாக இழைத்து, மேற்பலகைக்கும் அதற்கும் கொஞ்சம் இடைவெளி விட்டு அடித்தால் அடுத்த தடவை அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றினால் போதும். வெட்டுமுனைகளுக்கு மறக்காமல் பெயின்ட். பழைய என்ஜின் ஆயிலைத் தடவச் சொல்லுவார்கள், ஊரெல்லாம் தடவுகிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. பக்கத்தில் கிணறோ கீரைப்பாத்தியோ இருந்தால் நிச்சயம் வேண்டாம், பிறகு அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பழைய வழி, நன்றாகவே தாங்கும், ஆனால் கையில் பட்டால் புண்ணாக்கும், கையுறை போட்டுத் தடவுங்கள்.

தெறிப்பை நிறுத்தாமல் பலகையை மாற்றிப் பிரயோஜனமில்லை. மரத்தின் எந்தப் பகுதியும் மண்ணிலிருந்து அரை அடி மேலே இருக்க வேண்டும். தாரை விழும் இடத்தில் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி பரப்புங்கள், முடிந்தால் பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்துத் தாழ்வாரத்தில் கட்டுங்கள், அந்தத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால் கறிவேப்பிலைச் செடிக்காவது ஆகும்.

தூள் கொட்டுகிறது

தூளை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு மரவள்ளி மாவைத் தொட்ட அனுபவம் இருக்கும். அந்த வழவழப்பில், மாவாக இருந்து, மேலே மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிந்தால் அது உளு வைக்கும் வண்டு. மாவு என்று சொன்னது சும்மா இல்லை, அந்த வண்டின் புழு தின்பதே மரத்தின் வெளிறிய வெளிப்பகுதியில் இருக்கும் மாவுச்சத்தைத்தான். தூள் மாவாக இல்லாமல் கசகசா மாதிரி மணி மணியாக இருந்தால் காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான். தூளே இல்லை, சுவரில் மண் கோடு ஏறுகிறது என்றால் தரைக் கரையான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, கடையில் போய் “பூச்சி மருந்து கொடுங்க” என்று கேட்டு வாங்கி அடித்தால் காசுதான் போகும்.

எனக்கு வந்தது உளு. சுவரில் வரவில்லை, உள்ளே தட்டு அடிக்க மலிவாகக் கிடைத்த மாம்பலகையில் வந்தது. சேலத்து மாம்பழத்துக்கு இருக்கும் மரியாதை மாம்பலகைக்குக் கிடையாது, வண்டுக்கு அது விருந்து. அதிகம் அரித்த பலகைகளை எரித்துவிட்டேன். மீதிக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் போராக்ஸ், 20 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, சூடாக இருக்கும்போதே வெறும் மரத்தில் மூன்று தடவை பூசினேன், ஒன்று காய்ந்தபின் அடுத்தது. பெயின்ட்டோ வார்னிஷோ இருந்தால் முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறங்காது. மழை படும் இடத்தில் இது கரைந்து போய்விடும் என்பதால் காய்ந்ததும் மேலே பெயின்ட் தேவை. பழைய ஓட்டை எது புதிது எது என்று தெரிய, இருக்கும் ஓட்டைகளை மெழுகால் அடைத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து மூடாத ஓட்டை தெரிந்தால் திரும்பவும் பூச வேண்டியதுதான்.

தரைக் கரையானுக்கு அந்த மண் கோட்டை உடைத்துப் போட்டால் இரண்டு நாளில் திரும்பக் கட்டும், புற்று மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது. கொட்டாயைச் சுற்றி அரை அடி ஆழம் குழி வெட்டி குளோர்பைரிபாஸ் மாதிரி கரையான் மருந்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்ற வேண்டும். கிணறு பக்கத்தில் இருந்தால் நீங்களே ஊற்றாதீர்கள், தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு சுற்று வந்து பாருங்கள்: சுவரில் சாத்திய விறகு, அடியில் கிடக்கும் அட்டைப்பெட்டி, மண்ணைத் தொடும் பலகைத் துண்டு. எனக்குத் தெரிந்து பாதி வீடுகளில் கரையான் ஏறியது அந்த விறகின் வழியாகத்தான்.

ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை

வெறும் இரும்பாணி. மரத்தில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி கறுக்கும், கருவேலம் போன்ற துவர்ப்பு மரத்தில் ரொம்பத் தெளிவாகத் தெரியும். கறை பார்க்கத்தான் அசிங்கம், ஆணி இற்றுப்போவதுதான் விஷயம். மலையில் துத்தநாகம் பூசிய ஜிஐ ஆணிகூடப் போதவில்லை, கதவுக்கும் கூரைக்குமாவது துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு போடுங்கள்.

சித்திரைக் காற்றில் கூரை படபடக்கிறது

சேலத்தில் கோடைமழைக்கு முன் ஒரு காற்று அடிக்கும், தெரியும்தானே. அது கூரையை மேலிருந்து அழுத்தாது, தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்து தூக்கும். அதனால் தகட்டுக்கு மட்டும் திருகைக் கூட்டிப் பயனில்லை: தகடு கைமரத்தை விடாது, கைமரம் சுவரை விட்டு மொத்தமாகக் கிளம்பும். கைமரம் சுவர்ச் சட்டத்தில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பட்டையை வளைத்து இரண்டையும் சேர்த்துத் திருகுங்கள், அடிச்சட்டத்தையும் நாலு மூலையில் கலவைக்குள் போல்ட்டால் கட்டுங்கள். மேலே கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபத்து.

உள்ளே பூஞ்சை வாசம், எலி, இன்னும் சில

பூஞ்சை வாசத்துக்குக் கூரை வியர்வைக்குச் சொன்னதே மருந்து, சாக்கைச் சுவரில் சாத்தாமல் நாலு விரல் தள்ளி அடுக்கினால் இன்னும் குறையும். சேலத்தில் இதே திறப்புகள் வெயிலுக்கும் உதவும், மதியத்தில் உள்ளே கை வைக்க முடியாத சூடு கொஞ்சம் அடங்கும்.

எலிக்கு, சுண்டுவிரல் நுழையும் சந்து போதும். கதவுக்கு அடியில்தான் முதலில் பாருங்கள். திறப்புகளுக்குக் கொசுவலை அடித்தால் கடித்துவிடும், கால் அங்குலக் கம்பிவலைதான் நிற்கும். அக்கா வீட்டில் எல்லாச் சந்தையும் அடைத்து, எல்லா வலையையும் அடித்து, பெருமையாகக் கதவைச் சாத்திவிட்டு மலையிறங்கினேன். பத்தாவது வளைவில் வரும்போது போன் வந்தது. எலி உள்ளேதான் இருக்கிறதாம். பொறி வாங்கிக்கொண்டு திரும்ப ஏறினேன்.